உடலைச் செதுக்கும் வேலையா, உடல்நலத்தைக் காக்கும் வேலையா?

தனிநபர் உடற்பயிற்சிப் பயிற்றுவிப்பாளராக விரும்பும் இளையர் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிங்கப்பூரில் உடற்பயிற்சிக் கூடம் தேடி இப்போது வெகுதூரம் போக வேண்டியதில்லை. வீவக பேட்டைகளின் கடைவரிசையிலும் பெருவிரைவு ரயில் நிலையங்களை ஒட்டிய கடைத்தொகுதிகளிலும் 24 மணி நேரக் கூடங்கள் வந்துவிட்டன. அரசாங்கத்தின் ஆக்டிவ்எஸ்ஜி கூடத்தில் ஒருமுறை நுழைய ஒரு தட்டு கோழிச்சோற்றின் விலைகூட ஆகாது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், ஆக்டிவ்எஸ்ஜி உறுப்பினர்களாக இருக்கும் சிங்கப்பூரர்களுக்கு 100 வெள்ளி சிறப்புத்தொகையும் அறிவிக்கப்பட்டது.

வசதி பெருகிவிட்டது. ஆனால், உடற்பருமன் குறையவில்லை. சுகாதார அமைச்சின் தேசிய மக்கள்தொகை சுகாதார ஆய்வின்படி, 2019-2020ல் 10.5 விழுக்காடாக இருந்த உடற்பருமன் விகிதம் 2021-2022ல் 11.6 விழுக்காடானது. வாசலில் கூடம் இருப்பது வேறு, உள்ளே போவது வேறு, போனவர் ஆறு மாதம் கழித்தும் தொடர்ந்து வருவது முற்றிலும் வேறு.

இந்த இடைவெளியில்தான் தனிநபர் பயிற்றுவிப்பாளரின் வேலை இருக்கிறது. பத்தாண்டுக்கும் மேலாக இந்த வேலையில் இருக்கும் என்னிடம், “அண்ணா, நானும் டிரெய்னராக வரலாமா?” என்று இளையர் பலர் கேட்கிறார்கள். அவர்களின் பெற்றோர் கேட்பது வேறு கேள்வி: “படிக்க வைத்ததெல்லாம் ஜிம்மில் எடை எடுத்துக்கொடுக்கவா?” இரண்டு கேள்விகளுக்கும் ஒரே சொல்லில் பதில் கூற முடியாது.

யார் வருகிறார்கள், எதற்காக?

என்னிடம் வருவோரைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் தேசிய சேவைக்குப் போகவிருக்கும் இளையரும் ஆண்டுதோறும் உடலுறுதித் தேர்வை எழுத வேண்டிய போர்க்காலப் படைவீரர்களும். பள்ளியின் நாஃபா தேர்வில் வெள்ளி அல்லது தங்கம் பெற்றால் தேசிய சேவைக் காலம் இரண்டு மாதம் குறைகிறது. பிறகு ஐபிபிடி தேர்வில் 85 புள்ளிகளைத் தொட்டால் தங்க விருதும் 500 வெள்ளியும் கிடைக்கும். இலக்கு தெளிவானது: தண்டால், வயிற்றுப் பயிற்சி, 2.4 கிலோமீட்டர் ஓட்டம். தேர்வு முடிந்ததும் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள்.

இரண்டாவது வகையினர் தோற்றத்திற்காக வருபவர்கள். திருமணத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது மாப்பிள்ளை வருவார். கைப்பேசியில் ஒரு நடிகரின் படத்தைக் காட்டி, “இந்த மாதிரி வேண்டும்” என்பார் பத்தொன்பது வயது இளையர். அந்தப் படத்துக்குப் பின்னால் பல மாத உணவுக் கட்டுப்பாடு, படப்பிடிப்புக்கு முன்பு தண்ணீரைக் குறைப்பது, ஒளியமைப்பு, எல்லாம் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் அந்தத் தோற்றத்தில் அந்த நடிகரே இருப்பதில்லை.

மூன்றாவது வகையினர் மருத்துவ அறிக்கையுடன் வருபவர்கள். ரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது, முழங்கால் வலிக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பார்கள். அம்பதைத் தாண்டிய ஓர் அம்மாவின் இலக்கு மிக எளிமையானது. கோயிலில் தரையில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழ வேண்டும். அவ்வளவுதான்.

சமூக ஊடகத்தில் நாம் காண்பது இரண்டாவது வகையை மட்டுமே. ஆனால் இந்தத் தொழிலின் எதிர்காலம் மூன்றாவது வகையில் இருக்கிறது என்பது என் கணிப்பு. நம் சமூகத்தின் தேவையும் அங்குதான் இருக்கிறது.

ஒல்லியாக இருந்தால் போதுமா?

2017ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நீரிழிவு பற்றி விரிவாகப் பேசினார். அறுபது வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு இருப்பதாகவும் அதே வயது இந்தியர்களிடையே அது பத்தில் ஆறு பேர் என்றும் அவர் சொன்னார். அந்தக் கணக்கைக் கேட்டு வியந்தவர்கள் இருக்கலாம். நம் வீடுகளில் தாத்தா பாட்டியின் மாத்திரைப் பெட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் வியப்பு இருந்திருக்காது.

இளையர் பலர் இதைத் தங்களுக்குத் தொடர்பில்லாததாக நினைக்கிறார்கள். “நான் ஒல்லிதானே” என்பதுதான் வழக்கமான பதில். இதற்கு மருத்துவ உலகில் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புனே நகரின் மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யூட்கின் இருவரும் 2004ல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையும் வெளியிட்டார்கள். இருவரின் உடல் எடைக் குறியீடும் 22.3 தான். ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. எடைக் கருவியும் உயர அளவும் இருவரையும் ஒன்றாகவே காட்டின. உள்ளே இருந்த உடல்கள் வேறு வேறு.

தெற்காசியர்களிடம் ஒரே எடையில் தசை குறைவாகவும் வயிற்றுப் பகுதிக் கொழுப்பு அதிகமாகவும் இருக்கும் போக்கு உண்டு. அதனால்தான் சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே கவனம் தேவை என்றும் 27.5க்கு மேல் ஆபத்து அதிகம் என்றும் வகுத்திருக்கிறார்கள். மேலைநாடுகளில் புழங்கும் 25, 30 என்ற எல்லைகள் நமக்குப் பொருந்துவதில்லை.

எடைப்பயிற்சியின் முக்கியத்துவம் இங்குதான் புரியும். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை இன்சுலினின் துணையோடு உள்வாங்குவது தசைதான். தசை என்பது சர்க்கரையைச் சேமிக்கும் கிடங்கு. கிடங்கு சிறியதாக இருந்தால் சரக்கு வெளியே குவியும். முப்பது வயதுக்குப் பிறகு, பயிற்சி இல்லாத உடல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசையை இழக்கக்கூடும். ஆக, இருபது வயதில் தசையைக் கட்டுவது கண்ணாடிக்காக மட்டுமல்ல. அது பிற்காலத்துக்குப் போடும் சேமிப்பு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை எளிமையானது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், அத்துடன் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி. முதல் பாதியை நடைப்பயிற்சி மூலம் பலர் நிறைவேற்றிவிடுகிறார்கள். 2015ல் தொடங்கிய தேசிய நடைச் சவால் அதற்கு உதவியது. இரண்டாவது பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பெண்களிடம் இது கூடுதலாகத் தெரிகிறது. எடை தூக்கினால் ஆண்களைப்போல் உடம்பு பெருத்துவிடும் என்ற அச்சம் இன்னும் போகவில்லை. பெண்களின் உடலில் டெஸ்டோஸ்டெரோன் மிகக் குறைவு. வாரத்துக்கு இரண்டு முறை எடை தூக்குவதால் அப்படி ஆகிவிடாது. மாறாக, எலும்பு உறுதிப்படும்.

தட்டில் என்ன இருக்கிறது?

முதல் நாள் சந்திப்பில் பெரும்பாலோர் கேட்பது, “சோற்றை நிறுத்தணுமா?” என்பதே. நிறுத்த வேண்டாம் என்றால் நம்ப மாட்டார்கள்.

சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் ஆரோக்கியத் தட்டு முறையை நினைவில் வைத்தால் போதும். தட்டில் பாதி காய்கறி, பழம். கால் பங்கு முழுத்தானியம். கால் பங்கு மீன், இறைச்சி, முட்டை, பருப்பு, தவ்கவா போன்ற புரத உணவு. இப்போது நம் வழக்கமான மதியச் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள். தட்டில் முக்கால் பங்கு சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், அப்பளம். சோறு குற்றவாளி அல்ல. அதற்குக் கொடுத்த இடம்தான் பெரிது.

புரதத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொதுவாக ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் அடிப்படைத் தேவை. எடைப்பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவைப்படலாம். 60 கிலோ எடையுள்ளவர் 1.2 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 72 கிராம். இரண்டு முட்டையில் ஏறத்தாழ 12 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 30 கிராம், ஒரு கிண்ணம் வேகவைத்த பருப்பில் 15 கிராமுக்கு மேல், ஒரு குவளை பாலில் 8 கிராம். கிட்டத்தட்ட வந்துவிட்டது. சைவ உணவு உண்பவர் கொண்டைக்கடலை, தெம்பே, தவ்கவா, தயிர் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் எட்டிவிடலாம். மாவுடப்பா வாங்குவது இதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

அடுத்தது பானங்கள். காலையில் ஒரு தே தாரிக், மதியம் பாண்டுங், மாலையில் குமிழித் தேநீர் என்று போகும் நாளில் உணவைவிடப் பானத்தில் வரும் சீனியே கூடுதல் சிக்கல். 2022 டிசம்பர் இறுதியில் அடைக்கப்பட்ட பானங்களுக்கு நடப்புக்கு வந்த நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு, ஓராண்டில் கடைகளில் தயாரிக்கும் பானங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. சீனி அளவால் ‘டி’ தரம் பெறும் பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சீனி இருக்கும். 250 மில்லிலிட்டர் குடித்தால் 25 கிராமுக்கு மேல், அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. காப்பிக்கடையில் ‘கோசோங்’ என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லப் பழகுவது, பலருக்கு நான் தரும் முதல் வீட்டுப்பாடம். ஒரே நாளில் முடியாதவர்கள் ‘சியூ தாய்’ என்று தொடங்கலாம்.

பயிற்றுவிப்பாளரின் எல்லை எது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தட்டில் என்ன, எவ்வளவு என்று பொதுவாக வழிகாட்டலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்கு உணவு அட்டவணை எழுதித்தருவது எங்கள் வேலை அல்ல. அது மருத்துவரும் உணவியல் நிபுணரும் செய்ய வேண்டியது. மருந்தோடு உணவை அளவுக்கு மீறிக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்து உண்டு. எல்லாவற்றுக்கும் தன்னிடம் மருந்து இருப்பதாகச் சொல்லும் பயிற்றுவிப்பாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அவசரத்தின் விலை

பொறுமை இல்லாதவர்களைக் குறிவைத்து ஒரு சந்தை இயங்குகிறது. சிங்கப்பூரில் ஊட்டச்சத்துத் துணைப்பொருள்களை விற்பனைக்குக் கொண்டுவர சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்அனுமதி தேவையில்லை. பாதுகாப்புப் பொறுப்பு விற்பவரைச் சார்ந்தது. இணையத்தில் வாங்கப்பட்ட எடைக்குறைப்புப் பொருள்களில் சிபுட்ரமின் கலந்திருந்ததாக ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. இதய பாதிப்பு அபாயத்தால் 2010லேயே விலக்கிக்கொள்ளப்பட்ட மருந்து அது. ‘மூலிகை’ என்றும் ‘இயற்கை’ என்றும் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதால் உள்ளே இருப்பது மாறிவிடாது.

பயிற்சியிலும் இதே அவசரம் உண்டு. பல மாதம் அசையாமல் இருந்துவிட்டு, முதல் நாளே உக்கிரமான மிதிவண்டி வகுப்பிலோ நூற்றுக்கணக்கான குந்திஎழும் பயிற்சியிலோ இறங்குபவர்களுக்கு ‘ராப்டோமயோலிசிஸ்’ என்ற நிலை ஏற்படலாம். தசைநார்கள் சிதைந்து, அதில் இருந்த பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். கடுமையான தசைவலி, வீக்கம், தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகியவை அறிகுறிகள். அப்படி இருந்தால் வீட்டில் ஓய்வெடுத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புதியவரை முதல் நாளே வாந்தி எடுக்கும் அளவுக்கு வேலை வாங்குவதைத் திறமையாகக் காட்டிக்கொள்ளும் பயிற்றுவிப்பாளர்கள் இருக்கிறார்கள். அது திறமை அல்ல.

சம்பளக் கணக்கு

இனி தொழிலுக்கு வருவோம். ஒரு மணி நேரத்துக்கு 90 வெள்ளி என்று கேட்டதும் கண்கள் விரியும். ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். சுயமாகத் தொழில் செய்பவர் ஒரு வகுப்புக்கு 90 வெள்ளி வாங்கி, கூடத்துக்கு 30 வெள்ளி வாடகை கொடுக்கிறார். மிஞ்சுவது 60. வாரத்துக்கு 20 வகுப்பு, மாதத்துக்கு 80 வகுப்பு என்றால் 4,800 வெள்ளி. அதில் 12 வகுப்புகள் ரத்தானால் 4,080.

மோசமில்லை என்று தோன்றும். ஆனால் மாதம் 4,000 வெள்ளி வாங்கும் இளம் ஊழியருக்கு முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு, அதாவது 680 வெள்ளியை மத்திய சேம நிதியில் போடுகிறார். சுயதொழில் செய்பவருக்கு அது கிடையாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கணக்கில் அவரே பணம் கட்ட வேண்டும். சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு இல்லை. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டமும் அவரை உள்ளடக்காது. முதுகு பிடித்துக்கொண்டால் அன்றைய வருமானம் போச்சு. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த இணையத்தள ஊழியர் சட்டம் உணவு விநியோகிப்பாளர்களுக்கும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் பாதுகாப்பு தந்தது. சுயதொழில் பயிற்றுவிப்பாளர்கள் அதில் வரமாட்டார்கள்.

இந்தப் பாதுகாப்பின்மையை 2020ல் அனைவரும் கண்டோம். ஏப்ரல் 7 முதல் ஜூன் 18 வரை உடற்பயிற்சிக் கூடங்கள் மூடிக்கிடந்தன. சுயதொழில் செய்வோருக்கு அரசாங்கம் ஒன்பது மாதத்துக்கு மாதம் 1,000 வெள்ளி நிவாரணம் அளித்ததால்தான் பலர் தாக்குப்பிடித்தார்கள். அதற்கு முன்பு 2016ல் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் சிங்கப்பூர்க் கிளைகளை மூடியபோது, முன்கூட்டியே பணம் கட்டியிருந்த ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பயிற்றுவிப்பாளர்கள் ஒரே நாளில் வேலையை இழந்தார்கள்.

சங்கிலிக் கூடங்களில் மாதச் சம்பளத்துக்குச் சேரலாம். அங்கே வேறு அழுத்தம். அடிப்படைச் சம்பளம் குறைவாகவும் தரகுத்தொகை அதிகமாகவும் இருக்கும். மாதம் இத்தனை பயிற்சித் தொகுப்புகளை விற்க வேண்டும் என்ற இலக்கு இருக்கும். பயிற்சி கொடுக்க ஆசைப்பட்டு வந்தவர் பாதி நேரம் விற்பனையாளராக இருப்பார். கூச்ச சுபாவமுள்ள இளையர் பலர் முதல் ஆண்டிலேயே விலகுவதற்கு இதுவே காரணம்.

வேலை நேரத்தையும் யோசியுங்கள். வாடிக்கையாளர்கள் அலுவலகத்துக்குப் போகுமுன் வருவார்கள், வேலை முடிந்தபின் வருவார்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி, மதியம் முழுவதும் காத்திருந்து, இரவு பத்துக்கு முடியும். நண்பர்கள் ஒன்றுகூடும் நேரம்தான் உங்கள் வேலை நேரம்.

எப்படித் தயாராகலாம்?

சிங்கப்பூரில் இயன்மருத்துவராகப் பணியாற்ற அதற்கான மன்றத்தில் பதிந்துகொள்வது சட்டப்படி கட்டாயம். தனிநபர் உடற்பயிற்சிப் பயிற்றுவிப்பாளருக்கு அத்தகைய கட்டாய உரிமம் இல்லை. நல்ல உடற்கட்டும் நிறைய பின்தொடர்வோரும் இருந்தால் நாளைக்கே ஒருவர் கட்டணம் வாங்கத் தொடங்கலாம். வாடிக்கையாளரின் முழங்காலும் முதுகும்தான் அதற்கு விலை கொடுக்கின்றன. குறைந்தபட்சப் பயிற்சி, முதலுதவித் தகுதி ஆகியவற்றையாவது கட்டாயமாக்குவது பற்றி அதிகாரிகள் யோசிக்க வேண்டிய நேரம் இது. தகுதியானவர்களின் வருமானத்துக்கும் அது பாதுகாப்பு.

சட்டம் கேட்காவிட்டாலும் நல்ல கூடங்கள் கேட்கும். ஏசிஇ, என்ஏஎஸ்எம், ஏசிஎஸ்எம் போன்ற அனைத்துலகச் சான்றிதழ்களில் ஒன்றும், இதய இயக்க மீட்பு, ஏஇடி கருவிப் பயிற்சியும் அடிப்படை. ஆனால் சில மாதச் சான்றிதழோடு நிற்காதீர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் விளையாட்டு, உடற்பயிற்சி சார்ந்த படிப்புகள் உள்ளன. ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி இதற்குப் பெயர்பெற்றது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல், நிர்வாகப் பட்டப்படிப்பு இருக்கிறது. பட்டயம் கையில் இருந்தால் பிற்காலத்தில் இயன்மருத்துவம், உடற்கல்வி ஆசிரியர் பணி, விளையாட்டு நிர்வாகம் என்று கதவுகள் திறந்திருக்கும். நாற்பது வயதில் ஒரு நாளைக்கு எட்டு வகுப்பு எடுக்க உடம்பு இடம் தராது என்பதை இருபது வயதில் நினைத்துப் பார்ப்பது நல்லது.

தொழிலில் இறங்கியபின் சில பழக்கங்கள் கைகொடுக்கும். வகுப்பை ரத்துசெய்தால் என்ன விதி என்பது உட்பட எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் வராவிட்டால் முத்தரப்புச் சமரச வழியும் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கின்றன. என்டியுசியுடன் இணைந்த பயிற்றுவிப்பாளர், பயிற்றுநர் சங்கமும் உண்டு. மாத வருமானத்தில் ஒரு பங்கை நீங்களே மத்திய சேம நிதியில் போடுங்கள். ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பு இல்லாமல் முழுநேரச் சுயதொழிலுக்கு வராதீர்கள்.

மூத்தோருக்குத் தேவைப்படும் இளையர்

2030க்குள் சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டம், நாற்பது வயதுக்கு மேற்பட்டோரைக் குடும்ப மருத்துவரிடம் பதியச் சொல்லி, சுகாதாரத் திட்டம் வகுத்துத் தருகிறது. அதில் உடற்பயிற்சியும் ஓர் அங்கம். மருத்துவர் “உடற்பயிற்சி செய்யுங்கள்” என்று சொல்லிவிடலாம். முழங்கால் வலியுள்ள அறுபது வயதுக்காரருக்கு எதிலிருந்து தொடங்குவது, எப்போது எடையைக் கூட்டுவது என்று பக்கத்தில் நின்று காட்ட ஆள் வேண்டும். அவர் தமிழில் பேசக்கூடியவராக இருந்தால் நம் மூத்தோர் பலருக்குத் தயக்கம் பாதி குறையும். “தோளை இறக்குங்க, மூச்சை விடுங்க, அவசரம் இல்லை” என்பதைத் தாய்மொழியில் கேட்கும்போது உடம்பு தளர்வதை நான் தினமும் பார்க்கிறேன்.

ஆகவே, டிரெய்னராக வரலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு என் பதில்: வரலாம். உங்கள் வயிற்றில் எத்தனை கட்டு தெரிகிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் நாற்காலியிலிருந்து எழுவதைப் பத்து முறை பொறுமையாக எண்ண முடியுமா, மறுவாரமும் அதே ஆர்வத்தோடு எண்ண முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் படிப்பையும் சேமிப்பையும் தயார் செய்துகொண்டு வாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். இது எடை எடுத்துக்கொடுக்கும் வேலை அல்ல. ஆனால் பிள்ளை இதைத் தேர்ந்தெடுத்தால், என்ன படிக்கப்போகிறாய், மத்திய சேம நிதிக்கு என்ன செய்வாய் என்ற இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். பிறகு நீங்களும் வாரத்தில் இரண்டு நாள் அவரிடமே பயிற்சிக்குப் போங்கள். அவருக்கு அனுபவம் கிடைக்கும், உங்களுக்கு உடல்நலம் கிடைக்கும்.